சேலத்தில் ஒரு படத் தொழிற்சாலை

தமிழ்ப்படம் என்றதும் சென்னை நினைவுக்கு வரும். ஆனால் 1935-இல் சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார் டி. ஆர். சுந்தரம். இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்ற அவர், ஆலையை நடத்துவது போலவே அதனையும் நடத்தினார். நடிகருக்கும் எழுத்தாளருக்கும் மாதச் சம்பளம். நேரந் தவறாமை கண்டிப்பான விதி. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) உட்பட நூறு படங்களுக்கு மேல் அங்கே உருவாயின.

வாட்போர், மாயாஜாலம், துப்பறிதல் இவையே அவருக்குப் பிடித்தவை. வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் 'மந்திரி குமாரி'யை (1950) மறந்தார்கள் போலும்! எல்லிஸ் டங்கன் இடையில் அமெரிக்கா திரும்பிவிட, சுந்தரமே அதனை இயக்கி முடித்தார். மாணவியரே, கதை நாம் அறிந்த குண்டலகேசியினுடையதுதான், மு. கருணாநிதி அதைத் தழுவி எழுதினார். தன்னை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்ல வந்த கணவனிடம், இறுதியாக மும்முறை வலம்வர அனுமதி கேட்டு, பின்னால் வந்ததும் அவனையே தள்ளிவிடுகிறாள் அமைச்சர் மகள். வீரத்துக்கு எம்.ஜி.ஆர். இருந்தும், கொடியவனை முடிப்பவள் அவளே. காப்பியத்தில் சில பாடல்களே எஞ்ச, கதையைத் திரை ஊரூராய்க் கொண்டு சென்றது.

சுந்தரம் 1963-இல் காலமானார். பின்னாளில் படப்பிடிப்பும் நின்று, நுழைவாயில் வளைவே மிஞ்சியது.