மருந்து டேங்குக்குள்ளே ஒரு றப்பர் தகடு

மலையில் புல்லுக்கு மருந்து அடிக்கிறவர்கள் முதுகில் டேங்கைச் சுமந்து, ஒரு கையால் பிடியை மேலும் கீழும் ஆட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பிடியை ஆட்டினால் மருந்து ஏன் சீறிக்கொண்டு வருகிறது? உள்ளே இருக்கிற பம்பிதான் காரணம். சில டேங்குகளில் அது பிஸ்டன் பம்பி. வேறு சிலவற்றில் வளைகிற ஒரு றப்பர் தகடுதான் வேலை செய்கிறது. இதை டயப்பிரம் பம்பி என்பார்கள்.

வேலை செய்யும் விதம்

ஓட்டை விழுந்த றப்பர் பந்தைத் தண்ணீருக்குள் அமுக்கி, பிறகு விட்டுப் பாருங்கள். பந்து விரியும்போது தண்ணீரை உறிஞ்சும். மறுபடி அமுக்கினால் பீச்சியடிக்கும். பம்பியும் அப்படித்தான். ஆனால் பந்துக்கு ஒரே ஓட்டை. பம்பிக்கு இரண்டு வழி. இரண்டிலும் ஒரு பக்கமாக மட்டும் திறக்கிற வால்வு உண்டு. தகடு பின்னால் இழுபடும்போது உள்வால்வு திறந்து மருந்து உள்ளே வரும். தகடு முன்னால் தள்ளும்போது உள்வால்வு மூடி, வெளிவால்வு திறக்கும். மருந்து, காற்று அடைபட்ட ஒரு சிறு அறைக்குப் போகும். அமுங்கிய அந்தக் காற்றுதான் மருந்தை விட்டுவிட்டு வராமல் சீராகத் தள்ளுகிறது.

இதில் சிலிண்டருக்குள் உரசி ஓடும் பிஸ்டன் இல்லை. அதனால் சேறு, பெயின்ட், அமிலம் போன்றவற்றை இறைக்கவும் தொழிற்சாலைகளில் பாவிக்கிறார்கள். பழைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் பெட்ரோலை என்ஜினுக்கு அனுப்பியதும் இந்த வகைப் பம்பிதான்.

தகடு கிழிந்தால்?

றப்பர் நாளாக நாளாக வெடிக்கும், கிழியும். பிறகு எவ்வளவு ஆட்டினாலும் மருந்து வேகமாக வராது. பம்பி டேங்கின் அடியில் இருந்தால் மருந்து கசிந்து முதுகிலும் இடுப்பிலும் இறங்கும். “கொஞ்சந்தானே ஒழுகுது, இந்த டேங்க முடிச்சிட்டுப் பாப்போம்” என்று இருந்துவிடாதீர்கள். மருந்து தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும்.

• வேலைக்கு முன் வெறும் தண்ணீர் ஊற்றி ஆட்டிப் பாருங்கள். ஒழுகினால் தண்ணீரோடு போகும்.
• மருந்து ஒழுகினால் உடனே டேங்கை இறக்குங்கள். நனைந்த உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு உடம்பைக் கழுவுங்கள். உத்தியோகத்தரிடம் சொல்லி, பழுது பார்த்த பிறகே தூக்குங்கள்.
• நொசில் அடைத்தால் வாயால் ஊதவே கூடாது.
• பீலிக்கரையிலும் ஆற்றிலும் டேங்கைக் கழுவ வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: இரண்டு வால்வுகளும் இல்லாவிட்டால், பிடியை ஆட்டும்போது என்ன நடக்கும்? பந்தை நினைத்துப் பார்த்து, அப்பாவிடம் சொல்லுங்கள்.