பென்டிரைவுக்கு மாற்று: ஆய்வகத்தில் ஒரு பாதுகாப்பான கோப்புச் சர்வர்

பல பள்ளிகளில் மதிப்பெண் பட்டியலும் உதவித்தொகை விவரமும் இன்னும் பென்டிரைவில்தான் மேசைக்கு மேசை போகின்றன. அவற்றில் மாணவரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் உண்டு. ஒரு பென்டிரைவ் தொலைந்தால் ஒரு வகுப்பின் விவரமே வெளியே போய்விடும்.

பின்னணி

கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி. விதிமுறையை 1971-இல் எழுதியவர் ஐ.ஐ.டி. கான்பூரின் முதல் தொகுதி மாணவர் அபய் பூஷண். அதில் கடவுச்சொல் அஞ்சலட்டை எழுத்துப்போல் வெளிப்படையாகச் செல்லும். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அதன்பின் அங்கிருந்த தாத்து இலோனன் எஸ்.எஸ்.எச். முறையை உருவாக்கினார். அதன்மேல் இயங்கும் எஸ்.எஃப்.டி.பி., ஒட்டிய உறை போன்றது.

தேவையானவை

உபுண்டு அல்லது சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் உள்ள ஒரு பழைய கணினி, ஆய்வக லேன் இணைப்பு. நிறுவும்போது மட்டும் இணையம் தேவை.

செய்முறை

1. ஓபன்எஸ்எஸ்எச் சர்வர் மென்பொருளை நிறுவுக.

2. மாணவர்களுக்கென ஒரு பயனர் குழு உருவாக்கி, ஒவ்வொரு மாணவர் அணிக்கும் தனிக் கணக்கு தருக. ஒரே கணக்கை எல்லோருக்கும் தந்தால் ஒருவர் கோப்பை மற்றவர் அழித்துவிடலாம்.

3. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வெளிக்கோப்புறை அமைக்க. அதன் உரிமையும் எழுதும் அனுமதியும் ரூட் பயனருக்கு மட்டுமே இருக்கட்டும். அதனுள் மாணவர் எழுதத்தக்க உட்கோப்புறை ஒன்று வைக்க. வெளிக்கோப்புறையில் பிறர் எழுத முடிந்தால் சர்வர் இணைப்பையே மறுத்துவிடும். பலர் தடுமாறும் இடம் இதுவே.

4. அமைப்புக் கோப்பில், அந்தக் குழுவினர் தம் கோப்புறையைத் தாண்டாதபடியும், கோப்புப் பரிமாற்றம் தவிர வேறு கட்டளை எதுவும் இயக்காதபடியும் வரையறுக்க.

5. அமைப்பில் பிழை உண்டா எனச் சோதித்தபின் சேவையை மறுதொடக்கம் செய்க.

6. வேறு கணினியில் ஃபைல்ஜில்லா திறந்து, எஸ்.எஃப்.டி.பி. தேர்ந்து, 22-ஆம் போர்ட்டில் இணைக. முதல்முறை திரையில் தோன்றும் சர்வர் கைரேகைக் குறியீட்டைச் சர்வரில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகே ஏற்க.

கவனிக்க

மதிப்பெண் கோப்புகளுக்கு ஆசிரியர் கணக்கு தனியே இருக்கட்டும். சர்வரை வெளி இணையத்துக்குத் திறக்க வேண்டாம். வாரம் ஒருமுறை நகல் எடுங்கள். ஆண்டு இறுதியில் மாணவர் கணக்குகளை நீக்குங்கள்.

வகுப்பறைச் செயல்பாடு

ஆசிரியரின் சோதனைக் கணினியில் ஒரு கற்பனைக் கடவுச்சொல்லை எஃப்.டி.பி., எஸ்.எஃப்.டி.பி. இரண்டிலும் அனுப்பி, வயர்ஷார்க்கில் காட்டுங்கள். முதலாவதில் அது அப்படியே தெரியும், இரண்டாவதில் தெரியாது. "உங்கள் ஆதார் எண் எந்த வழியில் போக வேண்டும்?" என்று கேளுங்கள். விடையை மாணவர்களே சொல்வார்கள்.