ஆறாவது பெட்டி எங்கே?

மாணவர்களே, உங்கள் பள்ளியின் கணினிக் கழகம் விடுமுறை முகாமுக்காக ஓர் இணையப் படிவம் தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (படிவம் நான்கு, படிவம் ஐந்து என்று வகுப்பைச் சொல்கிறோமே, அதுவல்ல, திரையில் நிரப்புவது.) பெயர், வகுப்பு, மின்னஞ்சல், உணவு வகை, பெற்றோரின் கைப்பேசி எண் என ஐந்து பெட்டிகள். ‘அனுப்பு’ பொத்தானைத் தட்டியதும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இரண்டு சோதனைகளைச் செய்ய வேண்டும். முதலில், ஒரு ‘லூப்’, அதாவது சுழற்சி, ஒவ்வொரு பெட்டியும் காலியா என்று பார்க்கும். பிறகு, கைப்பேசி எண்ணில் பத்து இலக்கங்களுக்குக் குறைவாக இருந்தால் தடுக்கும்.

வந்து சேர்ந்த பதிவுகளில் ஒன்றில், பெற்றோரின் எண் வெறும் ஆறு இலக்கம். முகாமில் நள்ளிரவில் அந்த மாணவருக்குக் காய்ச்சல் கண்டால் ஆசிரியர் யாரை அழைப்பார்?

உடனே உங்கள் கண் கைப்பேசி எண்ணைச் சோதிக்கும் வரிக்குத்தான் போகும். பத்து முறை படித்தாலும் அதில் தவறு தெரியாது. ஏனென்றால் அதில் தவறே இல்லை. காலிப் பெட்டி விட்டுப் பாருங்கள்: எச்சரிக்கை சரியாக வருகிறது. ஆகவே சுழற்சியும் நன்றாக இருப்பதுபோல்தான் தோன்றும். நம்மை ஏமாற்றுவது இந்த இடம்தான்.

ஊகிப்பதை நிறுத்திவிட்டு, நிரலையே பேச வைப்போம். கைப்பேசிச் சோதனைக்கு நேர் மேலே ‘கன்சோல்.லாக்’ கட்டளையால் “இங்கே வந்தேன்” என்று எழுதச் சொல்லுங்கள். எஃப்12 விசையை அழுத்தி, ‘கன்சோல்’ பகுதியைத் திறந்துவைத்து, ஐந்து பெட்டிகளையும் நிரப்பி அனுப்புங்கள். “இங்கே வந்தேன்” வரவில்லை! ஏதோ சிவப்பாக மின்னி மறைகிறது. படிவம் போய்ப் பக்கம் மாறியதும் பழைய செய்திகள் அழிந்துவிடுகின்றன. குரோம் உலாவியில் ‘பிரிசர்வ் லாக்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அவை அழியாமல் நிற்கும். இப்போது படிக்கலாம்: ‘அன்டிஃபைன்ட்’ என்பதிலிருந்து ‘வேல்யூ’வைப் படிக்க முடியவில்லை என்கிறது உலாவி. அதாவது, இல்லாத ஒரு பெட்டியின் உள்ளடக்கத்தைக் கேட்டிருக்கிறோம்.

சுழற்சிக்குள்ளும் ஒரு ‘கன்சோல்.லாக்’ வைத்து ‘ஐ’ என்ற மாறியை அச்சிடுங்கள். 0, 1, 2, 3, 4, 5 என்று வருகிறது. பெட்டிகள் ஐந்து, எண்களோ ஆறு!

ஜாவாஸ்கிரிப்ட் பட்டியலை 0 முதல் எண்ணுகிறது. நம் ஊர் மின்தூக்கியைப் போல: தரைத்தளம் ‘ஜி’, அதற்கு மேல் 1, 2, 3, 4. மொத்தம் ஐந்து தளம், ஆனால் 5 என்ற பொத்தான் கிடையாது. நிரலில் நிபந்தனை ‘ஐ <= பெட்டிகள்.லெங்த்’ என்று இருந்தது. ‘லெங்த்’ 5. ஆகவே சுழற்சி 5 வரை ஓடி, இல்லாத ஆறாவது பெட்டியைத் தட்டியது. ஜாவா மொழியாக இருந்தால் பட்டியலின் எல்லையைத் தாண்டியதுமே பிழை சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் அப்போது ‘அன்டிஃபைன்ட்’ என்பதைச் சத்தமில்லாமல் கையில் கொடுத்துவிட்டு, அதற்குள் எதையாவது தேடும்போதுதான் முறையிடும்.

சரி, காலிப் பெட்டி இருந்தபோது மட்டும் ஏன் ஒழுங்காக வேலை செய்தது? காலியைக் கண்டவுடன் சுழற்சி ‘ரிட்டர்ன் ஃபால்ஸ்’ சொல்லி வெளியேறிவிடும். 5ஐ எட்டவே எட்டாது. எல்லாம் நிரம்பியிருந்தால்தான் 5ஐ எட்டி, நிரல் அங்கேயே விழும். விழுந்த நிரல் படிவத்தைத் தடுக்காது! தடுக்கச் சொல்லும் ‘ஃபால்ஸ்’ திரும்பி வராததால், உலாவி தன் வழக்கப்படி படிவத்தை அனுப்பிவிடுகிறது. கைப்பேசிச் சோதனை ஒருமுறைகூட நடக்கவில்லை.

மருந்து ஒரே எழுத்துதான்: ‘<=’ என்பதில் ‘=’ குறியை நீக்கிவிடுங்கள். பிறகு அதே ஆறு இலக்க எண்ணோடு மறுபடி அனுப்பிப் பாருங்கள். இப்போது எச்சரிக்கை வரவேண்டும். இதன் உறவுக்காரப் பிழை ஒன்றும் உண்டு: ‘ரிட்டர்ன் ட்ரூ’ வரியைச் சுழற்சிக்குள்ளேயே எழுதிவிட்டால், முதல் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்றுவிடும்.

இனி உங்கள் முறை. பெயர்ப் பெட்டியில் இடைவெளி விசையை மட்டும் நான்கு தடவை தட்டி அனுப்புங்கள். நிரல் அதைக் காலி என்று கண்டுகொள்கிறதா? இல்லையென்றால் ‘டிரிம்’ என்ற கட்டளை என்ன செய்கிறது என்று தேடிப் பாருங்கள்.