டெஸ்ஸாரா, பிளானாரா?

பழைய ரோலைஃபிளெக்ஸ் கேமரா தேடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். பிளானார் லென்ஸ் உள்ள 3.5எஃப் மாடலுக்குச் சொல்லும் விலையில் டெஸ்ஸார் லென்ஸ் உள்ள ரோலைஃபிளெக்ஸ் டி-யை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்துக்கு ஃபிலிமும் வாங்கலாம். இரண்டுமே 75 மி.மீ., எஃப் 3.5 லென்ஸ்தான்.

இரண்டையும் டிரைபாடில் மாற்றி மாற்றிப் பொருத்தி, மாலை நிழலில் பூசாத செங்கல் சுவர் ஒன்றைப் படமெடுத்தேன். ஒரே ஃபிலிம், ஒரே டெவலப்பர். எஃப் 3.5-இல் நடுப்பகுதியில் இரண்டும் சமம். மூலைக்குப் போனால் டெஸ்ஸாரில் செங்கல்லுக்கு இடையிலுள்ள சாந்துக் கோடு கரைந்துபோகிறது. பிளானாரில் கோடு கோடாகவே நிற்கிறது. எஃப் 8-க்கு வந்ததும், பத்து அங்குலப் பிரிண்ட்டில் எது எதுவென்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஐஎஸ்ஓ 125 ஃபிலிம் போட்டு உச்சி வெயிலில் நின்றால், இந்த கேமராக்களின் அதிகபட்ச வேகமான 1/500-இலேயே எஃப் 8 வைத்தாக வேண்டும். லென்ஸை முழுக்கத் திறக்க வாய்ப்பே இல்லை. நிழலில் திறக்கிறோம் என்றால் பெரும்பாலும் முகம் எடுக்கத்தான். அங்கே மூலையை யார் பார்க்கிறார்கள்? முழுக்கத் திறந்து கட்டடமும் தெருவும் எடுப்பவர் மட்டும் பிளானாருக்குச் செலவழிக்கட்டும்.

பெயரைவிட நான் அதிகம் பார்ப்பது லென்ஸின் உடல்நிலையை. ஷட்டரை 'பி'யில் திறந்து பிடித்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். வலைப்பின்னல் போலத் தெரிந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுக்கப் பால்போல மங்கியிருந்தால் பழைய எண்ணெய் ஆவி படிந்திருக்கலாம். சில சமயம் துடைத்தால் போய்விடும். கடலோர ஊர்க்காரர்கள் பூஞ்சையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மங்கிய பிளானாரைவிடத் தெளிந்த டெஸ்ஸாரே எனக்கு நல்ல நெகட்டிவ் தந்திருக்கிறது.

அடுத்தது ஃபோகஸ். பார்க்கும் லென்ஸும் படமெடுக்கும் லென்ஸும் வேறு வேறு. யாராவது கழற்றி மாட்டியிருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தடத்தின் மேல் டிரேசிங் தாளை விறைப்பாக ஒட்டி, தூரத்து விளக்குக் கம்பம் இரண்டிலும் ஒரே இடத்தில் கூர்மையாகிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். இதைச் செய்யாமல் லென்ஸை ஒப்பிடுவது வீண்வேலை.

எதிர்வெயிலில் எடுப்பவர்கள் ஹுட்டையும் சேர்த்தே வாங்குங்கள். டி-க்கு பே 1 அளவு, 3.5எஃப்-க்கு பே 2 அளவு. ஒன்றின் ஹுட் இன்னொன்றில் ஏறாது.