வெள்ளிக்கிழமை தவறினால் என்ன ஆகும்?

ஜிம்மில் பணம் கட்டிய முதல் நாளே மாஸ்டர் ஒரு சார்ட்டைச் சொல்லிவிடுவார். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் பைசெப்ஸ் டிரைசெப்ஸ், வெள்ளி லெக்ஸ், சனி வயிறு. ஊர் மாறினாலும் இது அதிகம் மாறாது. சில இடங்களில் லேமினேட் செய்து கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியே வைத்திருப்பார்கள். நானும் இரண்டு வருடம் இதையே பிடித்துக்கொண்டு ஓடினேன். முடிவில் நெஞ்சு கொஞ்சம் எடுப்பாகியிருந்தது, முதுகு சுமார், கால்கள் மட்டும் கல்லூரியில் படித்த காலத்தில் இருந்தபடியே இருந்தன.

சார்ட் மேல் பழி போட முடியாது. எனக்கு வெள்ளி மாலை என்றால் ஒன்று அலுவலகத்தில் வாரக் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு பஸ் ஏற வேண்டும். ஒரு வெள்ளி தவறினால் கால்களின் முறை மறுபடி வர 14 நாள். இரண்டு தவறினால் மூன்று வாரம். திங்கட்கிழமையை மட்டும் யாரும் விடுவதில்லை, ஞாயிறு சாப்பிட்ட பிரியாணி உறுத்தும். அதனால்தான் திங்கள் மாலை பெஞ்ச் பிரஸ்ஸுக்கு ரேஷன் கடை மாதிரி வரிசை நிற்கும். ஸ்குவாட் ராக்கில் யாரோ துண்டைக் காயப்போட்டிருப்பார்கள்.

ஆகவே, கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வேண்டும் என்று யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, “போன மாசம் எத்தனை நாள் ஜிம்முக்கு வந்தீங்க?” என்பதுதான். எந்தத் திட்டம் உசத்தி என்று அலைவதைவிட, ஒரு நாள் விட்டுப்போனால் எதில் சேதாரம் குறைவு என்று பார்த்து எடுப்பது நல்லது.

ஆறா, மூன்றா, நான்கா?

பயிற்சி முடிந்ததும் தசைக்குள் புதிய புரதம் கட்டும் வேலை வேகமெடுக்கும். அந்த வேகம் ஓரிரு நாள்தான். வாரம் ஒருமுறை மட்டும் தொடப்படும் தசை மீதி நாட்களில் சும்மா கிடக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்டும் சகாக்களும் 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாரம் ஒருமுறையைவிட இருமுறை பயிற்சி கண்ட தசைகள் கூடுதலாக வளர்ந்திருந்தன. பின்னால் வந்த ஆய்வுகள் இதைக் கொஞ்சம் தணித்தன. வாரத்தின் மொத்த செட் எண்ணிக்கை சமமாக இருந்தால், அதை எத்தனை நாளாகப் பிரித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கடன் தொகை ஒன்றுதான், தவணைதான் வேறு.

தவணையைச் சரியாகக் கட்ட முடிகிறதா என்பதில்தான் சிக்கல். சார்ட்காரர் திங்களன்று நெஞ்சுக்கு நாலு பயிற்சி, பயிற்சிக்கு நாலு செட் என்று 16 செட் போடுகிறார். பத்தைத் தாண்டியதும் கை தளர்ந்துவிடும். எடையைக் குறைத்து, பாதி தூரம் மட்டும் இறக்கி ஒப்பேற்றுவார். மூன்று நாள்காரர் நாளுக்கு நாலு செட் வீதம் வாரத்துக்கு 12 போடுகிறார், எல்லாமே தெம்பாக இருக்கும்போது. புதியவருக்கு ஒரு தசைக்கு வாரம் 10 நல்ல செட் கிடைத்தாலே தாராளம்.

மூன்று நாள் திட்டத்தில் ஒவ்வொரு முறையும் கால் ஒன்று, தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று இருக்க வேண்டும். திங்கள்: ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், லாட் புல்டவுன். புதன்: டெட்லிஃப்ட், இன்க்ளைன் டம்பெல் பிரஸ், ரோயிங். வெள்ளி: லெக் பிரஸ், ஷோல்டர் பிரஸ், தண்டால், மறுபடி புல்டவுன். நேரம் இருந்தால் கடைசியில் கைக்கு இரண்டு செட். இதில் வெள்ளி போனாலும் எல்லாத் தசையும் அந்த வாரம் இருமுறை வேலை பார்த்திருக்கும். இழப்பு எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு. எந்த உறுப்பும் அநாதையாவதில்லை.

குறையும் உண்டு. மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் போனால் மூன்று சாதனங்களுக்கும் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டும். ஸ்குவாட் முடித்துவிட்டு பெஞ்சுக்கு வரும்போது பாதி உயிர்தான் மிச்சமிருக்கும். ஜிம்மில் கிண்டலும் வரும். நான் மாறிய முதல் வாரம் மாஸ்டர் கேட்டார்: “என்ன சார், எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டு அவியல் பண்றீங்க?” அவரைச் சமாதானப்படுத்த எனக்கு நாலு மாதம் ஆனது.

நான்கு நாள் திட்டம் நடுத்தரம். இரண்டு நாள் இடுப்புக்கு மேலே, இரண்டு நாள் கீழே. ஒரு நாள் தவறினால் அந்தப் பாதிக்கு அந்த வாரம் ஒரே முறை கிடைக்கும், அவ்வளவுதான் நஷ்டம். ஒரு வருடம் தாண்டி, மூன்று நாள் பயிற்சி ஒன்றரை மணி நேரமாக நீளத் தொடங்கியவர்கள் இதற்கு மாறலாம்.

ஆறு நாள் சார்ட்டை யாருக்குச் சொல்வேன்? ஜிம் வீட்டுத் தெருவிலேயே இருக்க வேண்டும், இரண்டு மூன்று வருடப் பழக்கம் இருக்க வேண்டும், கூடவே நாள் தவறாத மனுஷராக இருக்க வேண்டும். ஹாஸ்டல் பையன்களுக்கு ஒத்துவரும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் ஒத்துவராது.

எடையா, எண்ணிக்கையா?

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அது ஒரே ஒரு முறை தூக்குவதற்கான கலை. நரம்பும் நுணுக்கமும் சேர்ந்தது. அவரைப் போல் தூக்க வேண்டுமென்றால் கனமான எடையில்தான் பழக வேண்டும். சட்டை தோளில் நிறைய வேண்டும் என்பதே ஆசை என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. செட்டுக்கு ஆறு முறை வரும் எடையானாலும் 25 முறை வரும் எடையானாலும், கடைசி இரண்டு மூன்று கவுண்ட் உண்மையிலேயே திணறினால் தசை ஏறத்தாழ ஒரே அளவுதான் வளர்கிறது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை என்பதில் மந்திரம் ஏதுமில்லை, வசதி இருக்கிறது. 25 கவுண்ட் ஸ்குவாட் போட்டுப் பாருங்கள், கால் விடுவதற்கு முன் மூச்சு விட்டுவிடும்.

‘பத்து கவுண்ட், மூணு செட்’ என்று நம் மாஸ்டர்கள் சொல்வதற்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்கள் சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் குவிந்தபோது, தாமஸ் டிலார்ம் என்ற மருத்துவர் அவர்களின் வலுவிழந்த கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். 1945இல் அதைக் கட்டுரையாக்கினார். முதலில் ஏழு முதல் பத்து செட் வரை போகச் சொன்னவர், பிறகு மூன்றே போதும் என்று குறைத்துக்கொண்டார். கவுண்ட் எண்ணிக்கை நம் ஜிம் வரை வந்து சேர்ந்தது; எடையைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்ற அவருடைய முக்கியமான பாதி வழியிலேயே விழுந்துவிட்டது. போன வருடமும் 12.5 கிலோ டம்பெல், இந்த வருடமும் 12.5 கிலோ டம்பெல் என்று இருப்பவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இதில் நடைமுறைத் தொல்லை ஒன்று உண்டு. பல சின்ன ஜிம்களில் 1.25 கிலோ பிளேட் இருக்காது. இரண்டு பக்கமும் 2.5 போட்டால் ஒரேயடியாக ஐந்து கிலோ ஏறிவிடும், ஷோல்டர் பிரஸ்ஸில் அது பெரிய தாண்டல். அதற்கு வழி, ஒரே எடையில் எட்டு கவுண்டில் தொடங்கி மூன்று செட்டிலும் பன்னிரண்டு வரும் வரை காத்திருந்து, பிறகு கூட்டுவது. மறுபடி எட்டுக்கு இறங்கும், பரவாயில்லை. இதையெல்லாம் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். போனில் எழுதப் போனால் ரீல்ஸ் பார்த்துவிட்டு வருவோம்.

வீடா, ஜிம்மா?

தண்டாலில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வருகிறது. 70 கிலோ ஆளுக்கு அது 45 கிலோவுக்கு மேல், முதல் சில மாதங்களுக்கு அருமையான எடை. பஸ்கியும் அப்படியே. வீட்டில் இடறுவது முதுகுதான். இழுப்பதற்கு ஏதாவது வேண்டும், தொங்குவதற்குக் கம்பியாவது வேண்டும். கம்பி மாட்ட இடம் இருந்து, டம்பெல் ஒரு ஜோடியும் இருந்தால் முதல் ஆறு மாதத்துக்கு வீடே போதும். அதற்குமேல் கால்களுக்கு எடை போதாமல் போகும். ஜிம் என்று முடிவெடுத்தால் சாதனங்களைவிட தூரத்தைப் பாருங்கள்.

பகல் பத்து மணிக்கு மகளிர் பேட்ச் நடக்கும் ஜிம்களில் பெரும்பாலும் டிரெட்மில்தான் ஓடிக்கொண்டிருக்கும். எடை தூக்கினால் உடம்பு ஆண்களைப் போல் ஆகிவிடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு; அப்படி ஆக வேண்டும் என்று வருடக்கணக்கில் முயல்பவர்களுக்கே அது எளிதில் வருவதில்லை. மேலே சொன்ன மூன்று நாள் திட்டம் அப்படியே பொருந்தும்.

தொப்பையா, தோளா?

முதலில் உடம்பை ஏற்றிவிட்டு அப்புறம் குறைப்பது என்பது ஒல்லியானவர்களுக்கு. தொப்பை இருப்பவர் கூடுதலாகச் சாப்பிட்டு ஏற்றினால் தோளும் வளரும், அதை மூடும் கொழுப்பும் வளரும். புதியவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கிறது. சாப்பாட்டை நாளுக்கு 300, 400 கலோரி குறைத்து, புரதத்தைக் குறைக்காமல் இருந்தால் கொழுப்பு இறங்கும்போதே தசையும் ஏறும். சனிக்கிழமை வயிற்றுப் பயிற்சியை நூறு கவுண்ட் போட்டாலும் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது.

புரதம் எவ்வளவு? உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 கிராம் வரை கூட்டினால் பலன் உண்டு, அதற்குமேல் பெரிதாக இல்லை என்கிறது 2018இல் வெளியான தொகுப்பாய்வு. 70 கிலோவுக்கு 112 கிராம். இங்கேதான் நம் சாப்பாடு கவிழ்கிறது; ஒரு இட்லியில் இரண்டு கிராம் அளவுக்குத்தான் புரதம். நாலு முட்டையில் 24, எலும்பில்லாத கோழி 150 கிராமில் 33, சோயா உருண்டை 50 கிராமில் 26, அரை லிட்டர் பாலில் 16. மீதியைப் பருப்பும் சுண்டலும் சோறும் சேர்ந்து தேற்றிவிடும். பவுடர் என்பது பால் புரதம்தான், ஒரு கரண்டி 24 கிராம் தரும். சமைக்க நேரமில்லாதவருக்கு உதவும். கிரியாட்டின் தினம் மூன்று முதல் ஐந்து கிராம், விலையும் குறைவு, வேலையும் செய்யும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இரண்டுக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஜிம்மில் யாராவது ‘ஒரு கோர்ஸ் போட்டுப் பாரு’ என்று ஊசியைப் பற்றிப் பேசினால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

முதல் நாலைந்து வாரம் தூக்கும் எடை கிடுகிடுவென ஏறும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. நரம்பு பழகிக்கொள்கிற காலம் அது. உங்கள் கண்ணுக்குப் படவே எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். ஜிம் கண்ணாடியை நம்பாதீர்கள். பயிற்சி முடித்த கையோடு ரத்தம் நிறைந்திருக்கும், மேலே விளக்கும் நம் பக்கம்தான் பேசும். மாதம் ஒருமுறை, காலையில், அதே ஜன்னல் பக்கம் நின்று ஒரு படம் எடுங்கள். தொப்புள் மட்டத்தில் டேப்பும் வையுங்கள்.

என் விஷயத்தில் முதலில் கண்டுபிடித்தவர் தையல்காரர். மூன்று நாள் திட்டத்துக்கு மாறிய அடுத்த தீபாவளிக்கு பேண்ட் அளவு கொடுக்கப் போனேன். டேப்பை இடுப்பில் வைத்தவர், தொடைக்கு இறக்கினார். பழைய நோட்டைப் புரட்டினார், மறுபடி அளந்தார். “சார், போன வருஷ அளவுல வெட்டியிருந்தா தொடை ஏறியிருக்காது. ஒன்றரை இஞ்ச் கூட வைக்கணும்.”