ஏரியான வயலும் மூன்று தோழிகளும்

உழைப்பவர்களுக்கு ஓய்வு வேண்டும். உடம்புக்கும் வேண்டும். மனசுக்கும் வேண்டும். ஆனால் ஓய்வு என்றதும் நாம் என்ன நினைக்கிறோம்? "அது பணக்காரர்களுக்கு. நமக்கு எதற்கு?" என்று விட்டுவிடுகிறோம். பெண்கள் அதை நினைப்பதுகூட இல்லை.

அந்தமானில் வாழும் மூன்று தோழிகள் ஒரு நாள் ஓய்வுக்குப் போனார்கள். அந்தக் கதையை இந்தப் பாடத்தில் படிப்போம்.

மூவரும் பல ஆண்டுகளுக்கு முன் ஒரே மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவர்கள். ஒரே விளக்கின் கீழ் உட்கார்ந்து படித்தவர்கள். தெருவில் அவர்களை அழைக்கும் பெயரிலேயே நாமும் அழைப்போம். ஒருவர் பெரியக்கா. ஒருவர் இட்லிக்கடை அக்கா. ஒருவர் தையல்கார அக்கா. மூவரில் வயதில் சிறியவர் தையல்கார அக்காதான்.

உண்டியல் நிறைந்தது

அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேர். 2024-ஆம் ஆண்டு அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். மூன்று தோழிகளும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் சந்திப்பது அரிது. ஒருவருக்குக் கடை. ஒருவருக்குத் தையல். பெரியக்காவுக்குப் பேரக் குழந்தைகள்.

ஒருநாள் கடைத்தெருவில் மூவரும் சந்தித்தார்கள்.

"சுவராஜ் தீவுக்கும் ஷாஹீத் தீவுக்கும் எங்கிருந்தோ வந்து தங்கிவிட்டுப் போகிறார்கள். கடற்கரை ஓரம் அழகான விடுதியாம். இங்கேயே இருக்கிற நாம் ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறோமா?" என்றார் இட்லிக்கடை அக்கா.

"விடுதிக்குக் காசு வேணுமே" என்றார் பெரியக்கா.

"விடுதி வேண்டாம் அக்கா. நிழல் போதும். தண்ணீர் போதும். நாம மூணு பேர் போதும்" என்றார் தையல்கார அக்கா.

அன்றே முடிவு செய்தார்கள். ஆளுக்கு மாதம் 50 ரூபாய். ஒரே உண்டியலில் போட்டார்கள். ஆறு மாதம் ஆயிற்று. பொங்கல் முடிந்தது. மழை இல்லாத நாட்கள் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டார்கள்.

எங்கே போவது? "சிப்பிகாட் போகலாம். ஏரி மாதிரி இருக்கும்" என்றார் இட்லிக்கடை அக்கா. பெரியக்கா முகம் மாறியது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

இது ஏரி இல்லை

சிப்பிகாட் நகரத்திலிருந்து சுமார் 14 கிலோமீட்டர். வண்டூர் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகும். மூவரும் காலையிலேயே ஏறினார்கள். தூக்குச் சட்டியில் புளிச்சோறு. இன்னொன்றில் மீன் வறுவல். குடிக்கத் தண்ணீர். உட்கார ஒரு பழைய போர்வை.

இறங்கியதும் தையல்கார அக்கா அப்படியே நின்றுவிட்டார். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். அதில் மலையின் நிழல். ஓரத்தில் கொக்குகள். நடுவில் சிறிய வாத்துகள் கூட்டமாக மிதந்தன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அவை அந்தமான் கிளுவைகள். உலகத்தில் அந்தமானிலும் பக்கத்தில் உள்ள கோகோ தீவுகளிலும் மட்டுமே வாழும் பறவை அது.

மர நிழலில் போர்வையை விரித்தார்கள். "எவ்வளவு அழகான ஏரி!" என்றார் தையல்கார அக்கா.

பெரியக்கா மெல்லச் சொன்னார்: "இது ஏரி இல்லை. இது வயல்."

மற்ற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் இங்கே நாற்று நட்டிருக்கேன். பல வருஷம் கூலிக்கு வந்தேன். அதோ, அந்தப் பட்ட மரம் தெரியுதா? அது வரப்பு ஓரம் நின்ன மரம். அதன் அடியில்தான் கஞ்சி குடிப்போம். சுனாமிக்கு அப்புறம் நான் இந்தப் பக்கமே வரலை."

"ஏன் அக்கா முன்னாலேயே சொல்லலை?" என்று கேட்டார் இட்லிக்கடை அக்கா.

"நீங்க ஆசையா கிளம்பினீங்க. கெடுக்க மனசு வரலை."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெரியக்காவே பேசினார்.

"அன்னிக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். விடிஞ்சு கொஞ்ச நேரம். பூமி ஆடுச்சு. நிற்க முடியலை. அப்புறம் ஓடை வழியா கடல் தண்ணி வயலுக்குள்ள வந்துச்சு. வடிஞ்சிடும்னு காத்திருந்தோம். மறுநாளும் வடியலை. மறு மாசமும் வடியலை. வருஷம் போச்சு. தண்ணி போகவே இல்லை."

இட்லிக்கடை அக்கா பெரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய தோழமைக்கு அந்த நேரத்தில் வேறு பேச்சு தேவைப்படவில்லை.

தண்ணீர் ஏன் வடியவில்லை?

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26. இந்திய நேரம் காலை சுமார் 6.30 மணி. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு அருகே கடலுக்கு அடியில் மிகப் பெரிய நிலநடுக்கம் வந்தது. பூமி பிளந்த கோடு வடக்கே அந்தமான் வரை நீண்டது. அதனால்தான் சுனாமி என்னும் பேரலை எழுந்தது.

பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு இல்லை. பல பெரிய தட்டுகளாக இருக்கிறது. இந்தியா இருக்கும் தட்டு, அந்தமான் இருக்கும் தட்டுக்கு அடியில் மெல்ல மெல்ல நுழைகிறது. நுழையும்போது இரண்டும் ஒன்றோடு ஒன்று சிக்கிக் கொள்கின்றன. மேல் தட்டின் விளிம்பு கீழே இழுபடுகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் பகுதி மேடாக உப்புகிறது.

பல நூறு ஆண்டுகள் இப்படியே போகும். ஒருநாள் சிக்கல் விடுபடும். அப்போது விளிம்பு மேலே எழும். பின்னால் உப்பி இருந்த நிலம் கீழே இறங்கும். 2004-இல் அதுதான் நடந்தது.

வடக்கு அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்தது. கடலுக்குள் இருந்த பவளப் பாறைகள் வெளியே வந்து காய்ந்து செத்தன. தெற்கு அந்தமான் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஒரு மீட்டர் என்றால் நம் இடுப்பு உயரம். கிரேட் நிக்கோபாரின் தென் கோடியில் இந்திரா முனை இருக்கிறது. அங்கே நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. தரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போய்விட்டது.

இப்போது புரிகிறதா? அலை வந்து போய்விட்டது. ஆனால் நிலம் தாழ்ந்துவிட்டது. அதனால் கடல் நீர் தினமும் ஏறி வர வழி கிடைத்தது. கடல் ஒரு நாளில் இரண்டு முறை பொங்கும். இரண்டு முறை வற்றும். பொங்கும்போது உப்பு நீர் வயலுக்குள் வருகிறது. உப்பில் நெல் வளராது. தாழ்வான இடத்தில் நின்ற தென்னையும் பாக்கும் பட்டுப்போயின.

பலகை என்ன சொல்கிறது?

சாப்பிட்டு முடித்தார்கள். பெரியக்கா எழுந்தார். சேலையைத் தூக்கிச் செருகினார். தண்ணீரை நோக்கி நடந்தார்.

"எங்கே அக்கா?"

"வரப்பைத் தொட்டுட்டு வரேன். மண்ணு காலில் படட்டும். எத்தனை வருஷம் ஆச்சு!"

இட்லிக்கடை அக்காவும் தூக்குச் சட்டியைக் கழுவ எழுந்தார். மீன் முள்ளைத் தண்ணீரில் கொட்டப் போனார்.

தையல்கார அக்கா கொஞ்சம் தள்ளி ஒரு பலகையைப் பார்த்தார். வெயிலில் நிறம் வெளுத்திருந்தது. பாதியைக் கொடி மூடியிருந்தது. அவர் வகுப்பில் தமிழ் படித்தவர். பிள்ளைகளின் புத்தகத்தைப் பார்த்து இந்தி எழுத்தும் கற்றவர். கொடியை விலக்கினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். "சாவ்... தான்." எச்சரிக்கை! அடுத்த சொல்: "மகர்... மச்." முதலை!

"அக்கா! நில்லுங்க! இறங்காதீங்க! முதலை இருக்காம்!"

பெரியக்கா நின்றார். தண்ணீருக்கும் அவர் காலுக்கும் நடுவே இரண்டு அடிதான்.

"இங்கே முதலையா? இந்த வயலில் எனக்குத் தெரியாத இடமே கிடையாது" என்றார் அவர்.

தையல்கார அக்கா சொன்னார்: "வயல் உங்களுக்குத் தெரியும் அக்கா. இந்தத் தண்ணீர் உங்களுக்குத் தெரியாது."

பெரியக்கா பின்னால் வந்தார். கரையிலேயே குனிந்தார். ஒரு பிடி ஈர மண்ணை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இதுவும் அதே மண்ணுதான்" என்றார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சிரித்தார்.

அந்தமானில் வாழ்வது உப்புநீர் முதலை. அது கடலிலும் நீந்தும். ஓடையிலும் இருக்கும். அலையாத்திக் காட்டில் ஒளியும். ஓடையோடு சேர்ந்த எந்தத் தண்ணீருக்கும் அது வரலாம். நீருக்கு வெளியே கண்ணும் மூக்கும் மட்டுமே தெரியும். மரக்கட்டை போலத் தோன்றும். மாலையிலும் இரவிலும் விடியற்காலையிலும் ஆபத்து அதிகம். மீன் கழிவையும் இறைச்சிக் கழிவையும் தண்ணீரில் கொட்டினால் முதலை அந்த இடத்துக்குப் பழகிவிடும். இட்லிக்கடை அக்கா மீன் முள்ளை ஒரு காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

உப்பு நிலத்திலும் விளைச்சல்

"போனது போனதுதானா? இனி இந்த மண்ணில் ஒன்றுமே விளையாதா?" என்று கேட்டார் தையல்கார அக்கா.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. மிகவும் தாழ்ந்த இடம் நீராகவே இருக்கிறது. அங்கே அலையாத்தி மரங்கள் முளைக்கின்றன. பறவைகள் வருகின்றன. கொஞ்சம் மேடான இடத்தில் பயிர் செய்ய வழி உண்டு.

முதலில் கரை கட்ட வேண்டும். கரையில் கதவுள்ள மதகு வைக்க வேண்டும். கடல் பொங்கும்போது கதவு மூடும். வற்றும்போது திறக்கும். உள்ளே இருக்கும் நீர் வடியும்.

அடுத்தது அகலப் பாத்தி முறை. போர்ட் பிளேரில் உள்ள மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இதைச் சொல்லித் தருகிறது. நிலத்தில் அகலமான வாய்க்கால் வெட்டுகிறார்கள். அந்த மண்ணைப் பக்கத்தில் மேடாகப் போடுகிறார்கள். அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்த மழை மேட்டு மண்ணின் உப்பைக் கழுவிவிடும். பிறகு மேட்டில் வெண்டை, கத்தரி, கீரை போடலாம். வாய்க்காலில் மழை நீர் நிற்கும். அதில் மீன் வளர்க்கலாம்.

"நெல்லு போட்ட இடத்தில் மீனு. சரி, வயிறு நிறைஞ்சா சரி" என்றார் பெரியக்கா.

திரும்பும் நேரம்

அந்தமான் கிழக்கே இருக்கிறது. ஆனால் கடிகாரம் இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான். அதனால் இங்கே சூரியன் சீக்கிரம் உதிக்கும். சீக்கிரம் மறையும். ஜனவரியில் மாலை 5.30 மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். மூவரும் நான்கு மணிக்கே போர்வையை மடித்தார்கள்.

போகும் முன் தையல்கார அக்கா பலகையின் மேல் இருந்த கொடியை முழுவதும் பிடுங்கினார். அடுத்து வருகிறவர்களுக்கு எழுத்து தெரிய வேண்டும் அல்லவா?

பஸ்ஸில் பெரியக்கா சன்னல் ஓரம் உட்கார்ந்தார். தண்ணீர் மறையும் வரை பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: "தனியா வந்திருந்தா அழுதுட்டுப் போயிருப்பேன். அடுத்த மாசமும் 50 ரூபாய் போடறேன். அடுத்த வருஷமும் இங்கேயே வரலாம்."

நினைவில் வையுங்கள்

1. புதிய நீர்நிலையில் இறங்கும் முன் அறிவிப்புப் பலகையைத் தேடிப் படியுங்கள். புரியாவிட்டால் ஊர்க்காரரைக் கேளுங்கள்.
2. முன்பு பழகிய இடம் என்று நம்பி இறங்காதீர்கள். நிலமும் நீரும் மாறும்.
3. உணவுக் கழிவை நீரில் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக்கைக் கரையில் விடாதீர்கள்.
4. கடற்கரையில் இருக்கும்போது பூமி பலமாக ஆடினால் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே மேடான இடத்துக்குப் போங்கள்.
5. முதலை, அந்தமான் கிளுவை, பவளம் எல்லாம் சட்டத்தால் காக்கப்பட்டவை. அவற்றைப் பிடிக்கவோ எடுக்கவோ கூடாது.

புதிய சொற்கள்

அலையாத்தி - உப்பு நீரில் வளரும் மரம். அலையின் வேகத்தைக் குறைக்கும்
கலங்கரை விளக்கம் - கப்பலுக்கு வழி காட்டும் உயரமான விளக்கு
மதகு - நீரை விடவும் தடுக்கவும் கரையில் வைக்கும் வழி
ஓதம் - கடல் நீர் தினமும் பொங்குவதும் வற்றுவதும்

கேள்விகள்

1. பெரியக்கா அந்த இடத்துக்கு ஏன் பல ஆண்டுகள் வரவில்லை?
2. வயலில் புகுந்த நீர் ஏன் வடியவில்லை?
3. "வயல் உங்களுக்குத் தெரியும். இந்தத் தண்ணீர் உங்களுக்குத் தெரியாது." இதன் பொருள் என்ன?

கணக்குப் போடுங்கள்

மூன்று பேர், மாதம் ஆளுக்கு 50 ரூபாய், ஆறு மாதம். மொத்தம் எவ்வளவு? பஸ் செலவு 150 ரூபாய். சாப்பாட்டுச் செலவு 400 ரூபாய். தேநீர் 90 ரூபாய். மீதி எவ்வளவு?

பேசுங்கள், செய்யுங்கள்

உங்கள் ஊரில் முன்பு வயலாகவோ குளமாகவோ இருந்து இப்போது மாறிப்போன இடம் எது? பெரியவர்களைக் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள். உங்களோடு படித்த பழைய தோழி ஒருவருக்குக் கடிதம் எழுதுங்கள். சந்திக்க ஒரு நாள் குறியுங்கள்.