குலசேகராழ்வாரின் வித்துவக்கோட்டுப் பதிகத்தில் துயரும் புகலும்

முன்னுரை

நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் முதலாயிரத்தில் இடம்பெறும் பெருமாள் திருமொழி 105 பாசுரங்களைக் கொண்டது. அதன் ஐந்தாம் திருமொழி, இன்றைய கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள வித்துவக்கோட்டு இறைவனை முன்னிலைப்படுத்துகிறது. இதன் முதல் ஒன்பது பாசுரங்களும் உவமைகளால் அமைந்தவை. இவ்வுவமைகள் ஒரே பொருளை வெவ்வேறு வகையில் கூறுவனவாகத் தோன்றினும், அவற்றின் வரிசையில் ஒரு வளர்ச்சி உண்டு என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

துயர் தருபவனே புகல்

சினந்து அகற்றும் தாயையே நினைந்து அழும் குழவி, பிறர் இகழத்தக்கன செய்யும் கணவனையன்றி அறியாத மனைவி, துன்புறுத்தினும் வேந்தனின் கோலையே நோக்கும் குடி, அறுத்துச் சுடினும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளி என்பன முதல் நான்கு உவமைகள். நான்கிலும் துன்பத்தின் காரணரும் புகலிடமும் ஒருவரே. முதல் மூன்றில் துன்பத்திற்கு நோக்கம் சுட்டப்படவில்லை. நான்காவதில் அது நோய் தீர்க்கும் செயலாகிறது. எனவே இரண்டாம் உவமையை மட்டும் பிரித்தெடுத்து, கொடுமையைப் பொறுத்தல் மனையறம் எனப் பொருள்கொள்வது பதிகத்தின் போக்கிற்குப் பொருந்தாது. அங்கு அளக்கப்படுவது அடியவனின் பற்றே. கணவனின் செயல் அங்குப் போற்றப்படவில்லை.

வேறு கரையின்மை

ஐந்தாம் பாசுரம் பதிகத்தின் திருப்புமுனை. நடுக்கடலில் கரை காணாது கப்பலின் பாய்மரத்திற்கே மீளும் பறவைக்கு வேறு போக்கிடம் இல்லை. முன்னைய உவமைகளில் உறவு பேசப்பட்டது. இங்குக் கதியின்மை பேசப்படுகிறது. தொடர்ந்து கதிரவனுக்கே மலரும் தாமரை, வானம் மறந்த காலத்தும் முகிலையே பார்த்திருக்கும் பயிர், கடலன்றிப் புகலறியா ஆறு ஆகியன வருகின்றன. இவற்றில் பற்று இயல்பாகவே மாறிவிடுகிறது. ஒன்பதாம் பாசுரத்தில் நிலை தலைகீழாகிறது: செல்வத்தை வேண்டாதவனைச் செல்வம் தானே நாடுவதுபோல, இறைவன் வேண்டாவிடினும் அடியவன் அவனை வேண்டி நிற்கிறான்.

முடிவுரை

உறவு, கதியின்மை, இயல்பு, வேட்கை என உவமைகள் படிப்படியாக வளர்கின்றன. துயர் நீங்கவில்லை எனினும் பற்று நீங்காது என்பதே பதிகத்தின் நிலைப்பாடு. துயர் தீர்வதைச் சரணாகதியின் நிபந்தனையாக ஆழ்வார் வைக்கவில்லை. துயரின் நடுவில் நிற்பவனுக்கு இப்பதிகம் தருவது விடுதலையின் உறுதிமொழி அன்று. திரும்பிச் செல்ல ஓர் இடம் உண்டு என்னும் தெளிவே ஆகும்.